வீட்டில் எத்தனை ஓட்டு?

தேர்தல் நெருங்கினால் எங்கள் தெருவுக்கு முதலில் வருபவர் வேட்பாளர் இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரும் வார்டுக் கட்சிக்காரர். கதவைத் தட்டி அவர் கேட்பது ஒரே கேள்வி: "வீட்டுல எத்தனை ஓட்டு?" எத்தனை பேர் என்று அவர் கேட்பதே கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு அப்படி வந்தவர், சாரத்தில் நின்று எங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரையும் அண்ணாந்து பார்த்து, "தம்பிக்கு எந்த வார்டு?" என்றார். "ஆனையூர் முகாம்ண்ணே" என்று மேலிருந்து பதில் வந்தது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினார். அவரிடம் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. கணக்கில் வராத ஆளிடம் நின்று பேச அவருக்கு நேரமில்லை.

பெயிண்டருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. பெற்றோர் இலங்கையிலிருந்து வந்த அகதிகள். பிறந்தது தமிழ்நாட்டில், படித்தது மதுரை அரசுப் பள்ளியில். 'வாங்கண்ணே, போங்கண்ணே' என்று பேசுவதைக் கேட்டால் செல்லூர்க்காரர் என்றுதான் நினைப்பீர்கள்.

இதே மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் பெண்கள் பேசிக்கொள்வது தமிழ் இல்லை, சௌராஷ்டிரம். பல தலைமுறைக்கு முன் வடக்கிலிருந்து வந்த நெசவாளர்களின் வழியில் வந்தவர்கள். 1980 முதல் 1996 வரை நடந்த ஐந்து நாடாளுமன்றத் தேர்தல்களிலும் மதுரைத் தொகுதி அவர்களில் ஒரே குடும்பத்தைத்தான் தில்லிக்கு அனுப்பியது. அப்பா ஏ. ஜி. சுப்பராமன் இரண்டு முறை, மகன் ஏ. ஜி. எஸ். ராம்பாபு மூன்று முறை.

ஒரு பக்கம் பாஷை வேறு, எம்.பி. உண்டு. இன்னொரு பக்கம் பாஷை ஒன்று, சாமி ஒன்று, ஓட்டு இல்லை. குடியேறியவர்கள் ஊர் மொழியைக் கற்று, ஊர் வழக்கத்துக்குப் பழகிவிட்டால் தானாகவே அரசியலிலும் கலந்துவிடுவார்கள் என்று உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் மொழித் தேர்வு, பண்பாட்டுத் தேர்வு என்று வைப்பதெல்லாம் அந்த நம்பிக்கையில்தான். மதுரை மாவட்டத்துக்குள்ளேயே அது பொய்த்துப்போகிறது.

அரசியலில் கலப்பது என்றால் என்ன? ஓட்டுப் போடுவது அதில் ஒரு பங்கு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்திருப்பது, போனால் உட்காரச் சொல்வார்கள் என்று நம்புவது, கட்சிக்காரர் தன்னைத் தேடி வருவது, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மறியல் செய்யப் பயப்படாமல் இருப்பது, ஒரு நாள் தானே வேட்புமனு போடுவது எல்லாம் சேர்ந்தது அது. இந்தக் கணக்கில் சௌராஷ்டிரர்கள் எப்படித் தேறினார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

குஜராத்திலிருந்து புறப்பட்டு, பல ஊர்களில் தங்கி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்ததாக அவர்கள் சொல்வார்கள். நாயக்கர் காலத்தில் பட்டுநூல்காரர் என்ற பெயரில் மகால் பகுதியில் நிலைகொண்டார்கள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் நல்ல துணி வேண்டும். இவர்கள் கையில் அந்த வித்தை இருந்தது. (ஆட்சியில் இருந்த நாயக்கர்களே தெலுங்கு பேசியவர்கள். 'நீ வந்தவன்' என்று யார் யாரைச் சொல்வது!) ஆவணி அவிட்டம் கொண்டாட இவர்களுக்கு உரிமை உண்டா என்று ஒரு தகராறு கிளம்பி, ஆட்களைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் போனது. விவகாரம் ராணி மங்கம்மாளிடம் வந்தது. பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, செய்துகொள்ளலாம் என்று 1705இல் ராணி ஓலை கொடுத்தார்.

சாதிப் படிநிலையில் மேலே ஏற நடந்த சண்டை என்று அதைச் சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் எனக்கு அதில் வேறொன்று பிடித்திருக்கிறது. வந்து சேர்ந்த நாட்டின் அரசாங்கத்திடம் கூட்டாகப் போய், 'இது எங்களுக்குச் சேர வேண்டியது' என்று வாதாடி, எழுத்தில் பதில் வாங்கியிருக்கிறார்கள். தேர்தல் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அதுதான் அரசியல். இருநூறு ஆண்டு கழித்து, 1895இல், அதே பழக்கம் சௌராஷ்டிர சபையாக உருவெடுக்கிறது. சபை பள்ளிக்கூடம் நடத்தியது. கூட்டம் போடுவது, தீர்மானம் எழுதுவது, கணக்கு ஒப்படைப்பது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அவர்களுக்குச் சபைக்குள்ளேயே பழகிப்போயிற்று. நகரசபையும் காங்கிரசும் வந்தபோது புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை.

அப்படி வந்தவர்களில் பெரிய பெயர் என். எம். ஆர். சுப்பராமன். மதுரைக்காரர்கள் 'மதுரை காந்தி' என்பார்கள். 1939 ஜூலை 8இல் மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்ததே, அந்த இயக்கத்தில் அ. வைத்தியநாத ஐயரோடு நின்றவர். 1962இல் மதுரையின் எம்.பி. இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 1705இல் தங்களுக்காகக் கேட்டார்கள். 1939இல் அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர் மற்றவர்களின் உரிமைக்காக நிற்கிறார். ஊரின் சண்டை தன் சண்டையாகிவிட்டது.

அவர்கள் ஒரே பகுதியில் நெருக்கமாக வாழ்ந்ததும் கைகொடுத்தது. மகால் தெருக்கள், முனிச்சாலை, காமராஜர் சாலைப் பக்கம் என்று அடர்த்தியாக இருந்ததால், அவர்களில் ஒருவருக்கு சீட் கொடுத்தால் இத்தனை ஓட்டு நிச்சயம் என்று எந்தக் கட்சியும் கணக்குப் போட முடிந்தது. 'ஓட்டு வங்கி' என்று நாம் முகம் சுளிக்கிறோம். புதிதாக வந்தவர்களுக்கு அரசியலின் வாசல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் திறந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். சௌராஷ்டிரர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950இல், இங்கே பிறந்து இங்கே வசித்த எவரும் சட்டப் பிரிவு 5இன்படி குடிமக்கள். தாத்தா எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி அந்தப் பிரிவில் இல்லை.

குடியுரிமையை முதலில் கொடுப்பதா, ஒருவர் நன்றாகக் கலந்த பிறகு கடைசியில் பரிசு மாதிரிக் கொடுப்பதா என்பது பழைய வாதம். இதை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பது கஷ்டம். குடியுரிமை வாங்கியவர்கள் முதலிலிருந்தே ஆர்வமுள்ளவர்களாக இருந்திருக்கலாமே! சுவிட்சர்லாந்து இதற்கு ஒரு விசித்திரமான வாய்ப்பைத் தந்தது. அங்கே சில ஊர்களில் ஒருவருக்குக் குடியுரிமை தரலாமா என்பதை ஊர் மக்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். விண்ணப்பித்தவரின் வயது, வேலை, பூர்வீக நாடு எல்லாம் அச்சடித்த தாளில் வீடுவீடாக வரும். எம்மன் என்ற ஊரில் 2000 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் இத்தாலியர்கள் மட்டும் தேறினார்கள். யூகோஸ்லாவியப் பக்கத்துக் குடும்பங்களை ஊர் தள்ளிவிட்டது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது.

ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர், பியட்ரான்டுவோனோ என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பழைய முடிவுகளைத் தோண்டி எடுத்து, மயிரிழையில் ஜெயித்தவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் பல ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். சில ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. மற்றபடி இருவரும் ஒரே மாதிரி ஆட்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், உள்ளே எடுக்கப்பட்டவர்களுக்கு அரசியல் அறிவும் ஈடுபாடும், தன் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கையும் பிற்காலத்தில் தெளிவாகக் கூடியிருந்தன. ஆக, குடியுரிமை ஏணியின் உச்சி இல்லை. முதல் படி என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது ஆனையூருக்கு வருவோம். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மூன்று முகாம்கள். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி அலை அலையாக வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருப்பதாக 2021இல் அரசு சொன்னது. அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. புது வீடுகள் கட்டினார்கள், உதவித்தொகை கூடியது. ரேஷன் உண்டு, பள்ளி உண்டு. இவற்றையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முகாமில் ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள், வெளியூர் போக அனுமதி கேட்க வேண்டும், உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு போலீஸ் கவனித்துக்கொண்டிருக்கும்.

சட்டம் அவர்களை எங்கே வைத்திருக்கிறது? படகில் உயிர் தப்பி வந்தவர் கையில் விசா இருக்காது. அதனால் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'. அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் பதிவு மூலமோ வசிப்புக் காலத்தைக் காட்டியோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு இந்தத் தடையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து அது விடுவித்தது. இனி வழக்குப் போட மாட்டார்கள். அதற்காக ஓட்டு வந்துவிடாது.

வேதனை என்னவென்றால், இந்த வாசலில் இதே சீமை மக்கள் முன்பும் ஒரு முறை நின்றிருக்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்த கங்காணிகளோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் இலங்கை அரசியலில் வேகமாகவே ஏறினார்கள். 1931 சட்டசபைத் தேர்தலில் அட்டனில் வென்ற பெரி சுந்தரம் அமைச்சரானார். 1947 நாடாளுமன்றத்தில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர்கள் போய் உட்கார்ந்தார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். ஏறியவர்களின் காலடியிலிருந்து ஏணியை உருவிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறித்த லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

அப்போது மிஞ்சியது தொழிற்சங்கம். சிவகங்கைச் சீமையில் திருப்பத்தூர்ப் பக்கம் முனப்புதூரில் 1913இல் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான் அதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு அரசியல் நடத்தினார். ஓட்டு இல்லாத மக்களின் தலைவரை எந்தப் பிரதமரும் ஏன் மதிக்க வேண்டும்? காரணம் தேயிலை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த பயிர் அது; கொழுந்து எடுப்பதை நிறுத்தினால் கொழும்புக்கு வலிக்கும். 1978இல் அவர் அமைச்சரானார். 1986இல் தோட்டங்களில் அவர் நடத்திய பிரார்த்தனைப் போராட்டம் அரசை இறங்கி வர வைத்தது. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 சட்டம் ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது.

இடையில் 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேறியவர்கள் இந்தியக் குடிமக்களாகவே வந்து இறங்கினார்கள். நீலகிரி தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் அவர்களுக்கு வேலை, ஓட்டும் உண்டு. அவர்களைத் தேடி இன்றைக்கும் கட்சிக்காரர்கள் போகிறார்கள். அதே மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து படகில் வந்தவர்கள் முகாமில். ஒருவர் கையில் காகிதம் இருந்தது, இன்னொருவர் கையில் இல்லை.

முகாம்காரர்களுக்குத் தொண்டமான் போல ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் ஆயிரம் பேர் ஒரே முதலாளியிடம் ஒரே வேலை செய்தார்கள். இங்கே பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். அவர்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் என் வீட்டுச் சுவர் ஒரு நாள் காத்திருக்கும். அரசுக்கு என்ன நஷ்டம்?

இங்கிருந்து இன்று வெளிநாடு போகிறவர்களின் கதை போகும் நாட்டைப் பொறுத்துத் தலைகீழாக மாறுகிறது. மேலூரிலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ துபாய்க்குப் போகிறவர் இருபத்தைந்து ஆண்டு அங்கே உழைத்தாலும் அந்த ஊர் அரசியலில் அவருக்கு இடமில்லை. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2011 முதல் வழி இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுப்பவர் எத்தனை பேர்? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

அதே பரமக்குடியிலிருந்து படிக்க இங்கிலாந்து போகும் மாணவி, காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்பதால், அந்த நாட்டுப் பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவே போதும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் சிரிப்பார்கள். நார்வேயில் மூன்று ஆண்டு வசித்த வெளிநாட்டவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு, 1983 முதல். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் அங்கே போன கம்ஷாயினி குணரத்தினம் 2015இல் ஓஸ்லோ துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். நகராட்சியில் ஓட்டுரிமையை முதலில் கொடுத்துவிட்டால், நாடாளுமன்றம் வரும்போது ஆள் தயாராக இருப்பார் என்பது அந்த நாடுகளின் கணக்கு.

மலேசியாவில் வழி வேறு. 1946இல் தொடங்கிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் ஆளும் கூட்டணியில் அங்கமானது. 1957 விடுதலையின்போது குடியுரிமைக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அப்போது விண்ணப்பிக்கத் தவறிய தோட்டத் தொழிலாளர்கள் குடிமக்கள் அல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969க்குப் பிறகு வேலை அனுமதி கெடுபிடி வந்ததும் ஆயிரக்கணக்கில் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். படிவம் நிரப்பச் சொல்லித்தர ஆள் இல்லாததால் ஒரு தலைமுறையின் கதி மாறிப்போனது.

ஊர் நினைப்பு அதிகம் இருந்தால் போன நாட்டில் ஒட்ட மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கனடாத் தமிழர்களைப் பாருங்கள். 2009 மே மாதம் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது டொராண்டோவின் கார்டினர் விரைவுச்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஊரே திட்டியது. 2011இல் ஸ்கார்பரோவிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றம் போனார். 2015இல் ஹரி ஆனந்தசங்கரி, 2025இல் அவர் பொதுப் பாதுகாப்புத் துறை அமைச்சர். மறியல்தான் எம்.பி.யைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. துண்டறிக்கை அடிக்கவும், வீடு வீடாகப் போகவும், எம்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுக்கவும் கற்றுக்கொண்டது தாய்நாட்டுக்காக. பயன்பட்டது போன நாட்டில். ஸ்கார்பரோவில் நெருக்கமாகக் குடியிருந்ததும், ஏறக்குறைய மூன்று ஆண்டு வசித்தால் குடியுரிமை கேட்கலாம் என்ற சட்டமும் சேர்ந்துகொண்டன. மகால் தெருக்களும் ஸ்கார்பரோவும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி.

அமெரிக்காவில் இருக்கும் நம் கம்ப்யூட்டர்காரர்களுக்கு வேறு மாதிரிக் காத்திருப்பு. வேலைவழி கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டைத் தாண்டும். அட்டை கிடைத்த பிறகும் ஐந்து ஆண்டு. வரி கட்டுவார், வீடு வாங்குவார், பிள்ளை அந்நாட்டுக் குடிமகன். பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல் வந்தால் அப்பா வேடிக்கை பார்ப்பார். கடைசியில் குடியுரிமை கிடைக்கும் நாளில் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஐம்பது வயதில் முதல் ஓட்டு.

பெயிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்து வழக்குப் போட்டார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் ஓட்டுப் போட்டார்.

நம் பெயிண்டர் 1989இல் பிறந்தவர். அவருடைய அக்கா 1986, ஐப்பசி மழையில் மண்டபத்தில் பிறந்ததாக அம்மா சொல்கிறார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே முகாம். சட்டப்படி அக்கா இந்தியர், தம்பி இந்தியர் இல்லை. அதற்கும் அக்கா பிறந்த காகிதம் வேண்டும். அப்போது பதிந்தார்களா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. அந்தக் காகிதத்துக்காகப் பெயிண்டர் போன வாரம் ராமநாதபுரத்துக்கு இரண்டாவது முறையாகப் போய் வந்தாராம். தேடிப் பார்த்து வைக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.